வாயைத் திறந்து பாருங்கள்

குழந்தைகள் புற்றுநோய் வார்டில் புதிதாக டூட்டி ஏற்கும் நர்ஸ் பிள்ளைகளுக்கு இதை எழுதுகிறேன். கீமோ மருந்தைக் கையாளுவதையும், டிரிப் வேகத்தைக் கணக்கிடுவதையும், போர்ட்டில் ஊசி ஏற்றுவதையும் உங்களுக்கு உட்காரவைத்துச் சொல்லித் தருவார்கள், தேர்வும் வைப்பார்கள். வாயைப் பற்றி அப்படி யாரும் சொல்லித் தருவதில்லை. அது அம்மாக்கள் பார்த்துக்கொள்கிற வேலை என்ற நினைப்பு வார்டுகளில் ஊறிப்போயிருக்கிறது. அந்த நினைப்பை முதல் நாளே விட்டுவிடுங்கள். வாய் புண்ணாகிப்போனால் குழந்தை சாப்பிடாது, எடை இறங்கும். புண் வழியே கிருமி ரத்தத்துக்குள் நுழையும். அடுத்த கீமோ ஒரு வாரம், இரண்டு வாரம் என்று தள்ளிப்போகும், இல்லாவிட்டால் மருந்தின் அளவைக் குறைக்க வேண்டிவரும். தேதி தவறாமல் முழு அளவில் போகவேண்டிய மருந்து போகாதபோது நோய் திரும்பி வர இடம் கிடைத்துவிடுகிறது. வாயைப் பார்த்துக்கொள்வதும் புற்றுநோய்ச் சிகிச்சைதான்.

1. ஒவ்வொரு டூட்டியிலும் டார்ச் அடித்து வாயைப் பாருங்கள்.

காலையோ இரவோ, எந்த டூட்டியானாலும் சரி. முதலில் உதடுகளின் வெளிப்புறம், பிறகு உதட்டை விலக்கி உட்புறம், இரண்டு கன்னங்களின் உட்பக்கம், நாக்கின் மேல், நாக்கைத் தூக்கச் சொல்லி அதன் அடி, ஈறு, மேலண்ணம், கடைசியில் தொண்டை. இந்த வரிசையை மாற்றாதீர்கள். வரிசை இருந்தால்தான் ஓர் இடமும் விட்டுப்போகாது. கீமோவால் வரும் புண் பெரும்பாலும் மெல்லிய தோல் உள்ள இடங்களில் தொடங்கும்: உதட்டின் உட்புறம், கன்னம், நாக்கின் ஓரமும் அடியும். நாக்கின் மேற்புறத்தை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்தால் பார்க்கவேண்டிய இடத்தைப் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம்.

குழந்தை வாயைத் திறக்க மறுத்தால் அதையும் கவனத்தில் வையுங்கள். எச்சில் வடிந்து தலையணை நனைந்திருக்கிறதா, குரல் கம்மியிருக்கிறதா, நேற்றுவரை கதை பேசிய பிள்ளை இன்று தலையாட்டி மட்டும் பதில் சொல்கிறதா என்று பாருங்கள். இரண்டு வயதுப் பிள்ளைக்கு வலி என்று சொல்லத் தெரியாது. பால் பாட்டிலைக் கேட்டு வாங்கி, ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, வீசி எறியும். அதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், பெற்றவர்களையும் அப்படி நினைக்க விடாதீர்கள்.

ரத்த அணுக்களின் கவுண்ட் இறங்கிய குழந்தையின் வாயைப் பார்க்கும்போது இன்னொன்றை நினைவில் வையுங்கள். சீழ் என்பது பெரும்பாலும் நியூட்ரோஃபில் என்கிற வெள்ளை அணுக்களின் குவியல். அந்த அணுக்களே இல்லாத உடம்பில் சீழ் எங்கிருந்து வரும்? சொத்தைப் பல்லின் அடியில் தொற்று முற்றியிருந்தாலும் வீக்கமும் சிவப்பும் பெயருக்குத்தான் தெரியும். சின்னதாகத் தெரிகிறது என்பதற்காக எதையும் சின்னதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பார்த்ததை எழுதுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல் எளிமையானது. ஒன்றும் இல்லை என்றால் 0. சிவந்து எரிச்சல் இருந்தால் 1. புண் இருந்தும் திட உணவு சாப்பிட முடிந்தால் 2. நீராகாரம் மட்டும்தான் இறங்கும் என்றால் 3. வாய் வழியே எதுவுமே முடியாது என்றால் 4. இந்த எண்ணைக் கேஸ் ஷீட்டில் குறித்து, டூட்டி மாறும்போது வாயாலும் சொல்லுங்கள். வாயைப் பார்க்காமல், முந்தைய டூட்டியில் எழுதியதையே நகலெடுத்து வைக்கும் பழக்கத்தைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். எனக்குக் கோபம் வரவைக்கும் பழக்கம் அது. 1 என்பது 2 ஆகிற நாளைப் பிடித்துவிட்டால் செய்வதற்கு நிறைய இருக்கிறது. 3க்குப் போனபிறகு பிடித்தால் குழந்தை பட்டினி கிடப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

2. நாள் கணக்கு உங்கள் மனத்தில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

வாயின் உட்தோல் நாற்றங்கால் மாதிரி. பழைய செல்கள் உதிர உதிர, அடியில் புதியவை முளைத்துக்கொண்டே இருக்கும். வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்குவதுதான் கீமோ மருந்தின் வேலை என்பதால் அந்த முளைப்பும் நின்றுபோகிறது. மேலே இருப்பது வழக்கம்போல் உதிர்ந்துவிடும், அடியிலிருந்து எதுவும் வராது. அதனால்தான் மருந்து ஏறிய அன்றே புண் வருவதில்லை. 5 முதல் 10 நாட்களுக்குள் தெரியத் தொடங்கும், இரண்டாவது வாரத்தில் உச்சத்துக்குப் போகும். வெள்ளை அணுக்கள் ஏறும்போது புண்ணும் ஆறும். அந்தப் புண் வாயோடு நிற்பதும் இல்லை. வாயிலிருந்து ஆசனவாய் வரைக்கும் ஒரே குழாய்தான். வாய் வெந்திருக்கும் குழந்தைக்கு வயிற்றுப்போக்கும் வயிற்றுவலியும் இருக்கிறதா என்று கேளுங்கள். துணி மாற்றும்போது பின்புறத்தையும் பாருங்கள்.

எல்லா மருந்தும் ஒரே மாதிரி வாயைப் புண்ணாக்காது. மெத்தோட்ரெக்ஸேட், டாக்ஸோரூபிசின், சைட்டராபின், எட்டோபோசைட், மெல்ஃபலான் ஆகிய பெயர்களைக் கேட்டால் எச்சரிக்கையாக இருங்கள். இவற்றில் மெத்தோட்ரெக்ஸேட்டின் கதையை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் அதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. பீமாவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்கா போன எல்லாப்பிரகட சுப்பாராவின் குழு லெடர்லே ஆய்வகத்தில் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் ஃபோலிக் அமில வகை மருந்துகளை ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது நோய் வேகமெடுத்ததாக அவருக்குத் தோன்றியது. அப்படியானால் ஃபோலிக் அமிலத்தைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தால் நோய் அடங்குமா என்று எண்ணினார். சுப்பாராவின் குழு அனுப்பிய அமினோப்டெரின் மருந்தை 1947 இறுதியில் கொடுக்கத் தொடங்கினார். 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது. 1948இல் இதைப் பற்றிய அவருடைய கட்டுரை வெளிவந்தது. அமினோப்டெரினின் தம்பிதான் மெத்தோட்ரெக்ஸேட். புற்றுநோய் செல்லுக்கு ஃபோலிக் அமிலத்தின் பயனை மறுத்து அதைக் கொல்லும் மருந்து, வாய்ச் செல்லுக்கும் அதையேதான் செய்கிறது.

இதிலிருந்து இரண்டு வேலைகள் உங்களுக்கு வருகின்றன. அதிக அளவு மெத்தோட்ரெக்ஸேட் ஏற்றியபிறகு லூகோவோரின் கொடுப்பது, மருந்து நல்ல செல்களைக் கொன்றுவிடாமல் மீட்பதற்காக. அது இரவு 2 மணிக்கு என்று எழுதியிருந்தால் 2 மணிக்கே போக வேண்டும். குழந்தை தூங்குகிறது, நாலு மணிக்குப் போடலாம் என்ற இரக்கம் அடுத்த வாரம் வாய்ப்புண்ணாக வந்து நிற்கும். இரண்டாவது: நம் ஊரில் வாய்ப்புண் என்றதும் பக்கத்து மருந்துக்கடையில் பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை வாங்கிக் கொடுப்பது வழக்கம். பல மாத்திரைகளில் ஃபோலிக் அமிலமும் சேர்ந்திருக்கும். மெத்தோட்ரெக்ஸேட் எடுக்கும் குழந்தைக்கு டாக்டரைக் கேட்காமல் அதைக் கொடுத்தால், எதைத் தடுக்க மருந்து கொடுக்கிறோமோ அதையே கையில் எடுத்துக் கொடுத்ததாகும். ஒவ்வொரு குடும்பத்திடமும் இதைச் சொல்லுங்கள். வீட்டிலிருந்து மாத்திரை சாப்பிடும் பராமரிப்புக் காலத்தில் இருக்கும் குடும்பங்களுக்கு இரண்டு முறை சொல்லுங்கள்.

3. கீமோ தொடங்குமுன் பல் டாக்டர் ஒருமுறை பார்க்க வேண்டும்.

கேட்டு வாங்க வேண்டிய விஷயம் இது. தானாக நடக்காது. சொத்தைப் பல், ஈறுக் கொப்புளம், கூரான உடைந்த பல், பல்லில் போட்ட கம்பி எல்லாவற்றையும் கவுண்ட் இறங்குமுன் சரிசெய்ய வேண்டும். பல் பிடுங்கினால் புண் ஆற 7 முதல் 10 நாளாவது வேண்டும், இரண்டு வாரம் கிடைத்தால் நல்லது. ஆனால் ரத்தப் புற்றுநோய் அந்த அவகாசத்தைக் கொடுப்பதில்லை. அப்போது தற்காலிகமாக அடைத்து வைத்துவிட்டு, கவுண்ட் ஏறியிருக்கும் இடைவெளியில் மிச்ச வேலையைச் செய்வார்கள். பொதுவாக பிளேட்லெட் 75,000க்கு மேல் இருந்தால் தனி ஏற்பாடு தேவைப்படாது. 40,000க்குக் கீழே என்றால் அவசரமில்லாத பல் வேலையைத் தள்ளிவைப்பார்கள். நியூட்ரோஃபில் 1,000க்குக் கீழே இருந்தாலும் அப்படித்தான். பல் பிரிவுக்குக் குழந்தையை அனுப்பும்போது அன்றைய ரத்தப் பரிசோதனைச் சீட்டைக் கையில் கொடுத்து அனுப்புங்கள்.

ஒரு செய்தியை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சில வகை மைலாய்டு ரத்தப் புற்றுநோயில் ஈறு வீங்கி, பல்லையே பாதி மூடிவிடும், தொட்டால் ரத்தம் கசியும். நோயைக் கண்டுபிடிக்குமுன் அந்தக் குடும்பம் முதலில் பல் டாக்டரிடம் போவதும் உண்டு. அங்கே ஒரு ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தவர் அந்தக் குழந்தைக்குப் பெரிய உதவி செய்தவர்.

4. பல் துலக்குவதை யாரும் நிறுத்த விடாதீர்கள்.

"கவுண்ட் கொறஞ்சிருக்கு, ரத்தம் வரும், பிரஷ் வேணாம்னு சொன்னாங்க சிஸ்டர்" என்று அம்மாக்கள் சொல்வார்கள். யார் சொன்னது என்று கேட்டால் பக்கத்துக் கட்டில் அம்மாவாக இருக்கும். மென்மையான பிரஷை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, மெதுவாக, காலையும் இரவும் துலக்குவது கவுண்ட் குறைந்த நாட்களிலும் தேவை. துலக்காத பல்லில் படியும் அழுக்குதான் ஈறை வீங்கவைத்து ரத்தம் வரவைக்கிறது. ரத்தம் நிற்காமல் கசிந்தாலோ வலி தாங்காமல் போனாலோ மட்டும் பிரஷை வைத்துவிட்டு, விரலில் ஈரக் காஸ் சுற்றி மெல்லத் துடைத்துவிடச் சொல்லுங்கள். ரத்தம் நின்ற மறுநாள் பிரஷுக்குத் திரும்பிவிட வேண்டும்.

பேஸ்ட் ஃபுளோரைடு உள்ளதாக இருக்கட்டும். மூன்று வயதுக்குக் கீழ் ஓர் அரிசி அளவு, அதற்கு மேல் ஆறு வயதுவரை பட்டாணி அளவு. புதினா காரம் உள்ள பேஸ்ட் புண்வாயை எரிக்கும், குழந்தைகளுக்கான பேஸ்டே நல்லது. வாயில் பூஞ்சைத் தொற்று வந்து போனால் பிரஷை மாற்றிவிடுங்கள். ஈர பிரஷை மூடிபோட்டு வைக்காமல் காற்றாட நிற்க வைக்கச் சொல்லுங்கள்.

வேப்பங்குச்சி, உமிக்கரி, பல்பொடி, விரலில் கல் உப்பு எதுவும் சிகிச்சை முடியும்வரை வேண்டாம். முக்கியமாக ஸ்டீல் நாக்கு வழிப்பானைப் பையிலிருந்தே எடுத்துவிடச் சொல்லுங்கள். நாக்கில் வெள்ளை படிந்திருப்பதைப் பார்த்ததும் அதை வழித்து எடுக்கத்தான் எந்தத் தாய்க்கும் கை போகும். அடியில் இருப்பது பச்சைப்புண். கைக்குழந்தைக்கு மாசிக்காயைக் கல்லில் உரைத்து நாக்கில் தடவும் பாட்டிகளும் வருவார்கள். அந்தக் கல்லில் என்ன இருக்கிறதென்று நமக்குத் தெரியாது, இந்தக் குழந்தைக்கு எதிர்ப்புச்சக்தி இல்லை என்று பக்குவமாகச் சொல்லுங்கள். பாட்டியின் அன்பைக் குறைசொல்லாமல் சொல்ல முடியும்.

5. கொப்பளிக்க விலை உயர்ந்தது எதுவும் வேண்டாம்.

ஒரு கப், அதாவது 240 மில்லி காய்ச்சி ஆறிய தண்ணீர். அதில் கால் டீஸ்பூன் சமையல் சோடா, அதில் பாதி அளவு உப்பு. தினமும் புதிதாகக் கலக்க வேண்டும். விழித்திருக்கும் நேரத்தில் மூன்று நான்கு மணிக்கு ஒருமுறை, சாப்பிட்டதும் ஒருமுறை, வாந்தி எடுத்தபின் கட்டாயம் ஒருமுறை. துப்பத் தெரியாத வயதென்றால் காஸை நனைத்து வாயைத் துடைத்துவிட்டால் போதும். இந்தத் தண்ணீர் புண்ணை ஆற்றிவிடாது. வாயை ஈரமாகவும் சுத்தமாகவும் வைக்கும், அமிலத்தைக் குறைக்கும். அதுவே பெரிய காரியம்.

6. கடையில் விற்பதை வாங்கித் தடவ விடாதீர்கள்.

வாய்ப்புண்ணுக்கென்று விற்கும் ஜெல்களில் பலவற்றில் கோலின் சாலிசிலேட் இருக்கிறது. அது ஆஸ்பிரின் குடும்பத்தைச் சேர்ந்தது. பிளேட்லெட் குறைந்த குழந்தைக்கு ஆகாது. பிரிட்டனில் 2009இலேயே 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அதைப் பயன்படுத்த வேண்டாமென்று அறிவித்துவிட்டார்கள். ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் புண்ணில் நெருப்பாக எரியும். மரத்துப்போகவைக்கும் லிக்னோகைன் மருந்தை டாக்டர் எழுதிய அளவுக்கு மேல் ஒரு சொட்டும் கூடாது. தொண்டை மரத்துப்போனால் புரையேறும். சின்னப் பிள்ளை தன் உதட்டையே கடித்துப் புண்ணாக்கிக்கொள்ளும். தேன் தடவலாமா என்று கேட்பார்கள். ஒரு வயதுக்குக் கீழ் எந்தக் காரணத்துக்கும் கூடாது, அதற்கு மேல் டாக்டர் முடிவு செய்யட்டும்.

7. எல்லாப் புண்ணும் கீமோ புண் அல்ல.

தயிர் ஒட்டியதுபோல் வெள்ளைத் திட்டுகள், துடைத்தால் அடியில் சிவப்பு: அது பூஞ்சை. ஸ்டீராய்டும் ஆன்ட்டிபயாடிக்கும் சேர்ந்து போகும் நாட்களில் அதிகம் வரும். நிஸ்டாட்டின் சொட்டு மருந்து கொடுத்தால் வாயெங்கும் பரவும்படி சற்று நேரம் வைத்திருந்து விழுங்க வேண்டும். குளோர்ஹெக்சிடின் கொப்பளிப்பும் எழுதியிருந்தால் இரண்டுக்கும் இடையே அரைமணி நேரமாவது விடுங்கள், ஒன்று மற்றதன் வேலையைக் கெடுக்கும். நிஸ்டாட்டின் சிரப்பில் சர்க்கரை உண்டு, பல்லுக்கு ஆகாது என்பதும் நினைவிருக்கட்டும்.

உதட்டோரம் பொருக்குத் தட்டி, மேலண்ணத்திலும் ஈறிலும் கொத்துக் கொத்தாகச் சிறு புண்கள் இருந்தால் அக்கி வைரஸாக இருக்கலாம். கீமோ புண் சாதாரணமாக அந்தக் கெட்டியான இடங்களில் தொடங்குவதில்லை. அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். அசைக்ளோவிர் தொடங்கினால் வேகமாக அடங்கும், விட்டுவிட்டால் வாயே வெந்து போகும்.

பூஞ்சைக்கு இட்ராகோனசோல், வோரிகோனசோல், போசகோனசோல் போன்ற மருந்து எழுதியிருந்து, அதே வாரம் வின்கிரிஸ்டின் ஊசியும் இருந்தால் டாக்டரிடம் நினைவுபடுத்துங்கள். அந்த மருந்துகள் வின்கிரிஸ்டினை உடம்பிலிருந்து வெளியேற விடாமல் தடுத்து நரம்புப் பாதிப்பைக் கூட்டிவிடும். நீங்கள் ஜூனியர் என்பதால் கேட்கத் தயங்க வேண்டாம். கேட்ட சிஸ்டரை நல்ல டாக்டர் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

8. "பல் வலிக்குது" என்றால் முதலில் ஊசிப் பட்டியலைப் பாருங்கள்.

வின்கிரிஸ்டின் போட்ட சில நாட்களுக்குள் தாடையில் கடும் வலி வரலாம். குழந்தை கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழும். எந்தப் பல் என்று கேட்டால் காட்டத் தெரியாது. இரண்டு பக்கமும் வலிக்கலாம். வாயைப் பார்த்தால் பல் எல்லாம் நன்றாக இருக்கும். அது நரம்பு வலி, வலிமருந்தோடு சில நாட்களில் தானாக அடங்கும். இதைத் தெரிந்துகொள்ளாமல், விடுப்பில் வீட்டுக்குப் போன குழந்தையை உள்ளூரில் பல் பிடுங்கும் இடத்துக்குக் கூட்டிப்போய்விடுவார்கள். கவுண்ட் என்னவென்று பார்க்காமல் பிடுங்கினால் ரத்தம் நிற்காது, தொற்று உடம்பெங்கும் பரவும். டிஸ்சார்ஜ் சமயத்தில் "எங்களைக் கேக்காம எந்தப் பல்லையும் எடுக்கக்கூடாது" என்று அப்பாவிடமும் சொல்லுங்கள். ஊருக்குப் போனபிறகு முடிவெடுக்கிறவர் பெரும்பாலும் அவர்தான்.

ஆறேழு வயதில் பால்பல் ஆடும். அதை நூல்கட்டி இழுப்பதும், ஆட்டி ஆட்டி எடுப்பதும் வேண்டாம். தானாக விழட்டும். விழுந்த இடத்தில் ரத்தம் கசிந்தால் சுத்தமான காஸை மடித்து இருபது நிமிடம் கடித்திருக்கச் சொல்லி, நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்காமல் இருங்கள்.

9. வாய்ப்புண்ணும் காய்ச்சலும் சேர்ந்தால் ஓடுங்கள்.

ஒருமுறை 101 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டினாலும், 100.4 ஒரு மணி நேரம் நீடித்தாலும் அது காய்ச்சல். நியூட்ரோஃபில் 500க்குக் கீழே இருக்கும் குழந்தைக்கு அந்த நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் ஆன்ட்டிபயாடிக் ஏற வேண்டும். வாயில் சாதாரணமாகக் குடியிருக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைக் கிருமிகளே புண் வழியாக ரத்தத்தில் கலந்து சில மணி நேரத்தில் ரத்த அழுத்தத்தைச் சரித்துவிடும். அதிக அளவு சைட்டராபின் வாங்கும் குழந்தைகளிடம் இதை அதிகம் எதிர்பாருங்கள். பாராசிட்டமால் கொடுக்குமுன் வெப்பநிலையைப் பார்த்து எழுதிவிடுங்கள், கொடுத்தபிறகு பார்த்தால் காய்ச்சல் மறைந்துபோயிருக்கும். ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைக்கக் கூடாது.

10. வலியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லாதீர்கள்.

3ஆம் நிலை, 4ஆம் நிலைப் புண்ணின் வலி பெரியவர்களையே அழவைக்கும். அதற்கு மார்ஃபின் வேண்டும். "அடிமையாயிடுவானா சிஸ்டர்?" என்று அப்பாக்கள் கேட்பார்கள். புண் ஆறும்போது அளவைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிடுவோம், இப்படி வலிக்காகக் கணக்காகக் கொடுக்கும் மருந்துக்கு அடிமையாவது மிக அரிது என்று தெளிவாகச் சொல்லுங்கள். கேட்ட நேரத்தில் மட்டும் கொடுப்பதைவிட மணிக்கணக்கு வைத்துக் கொடுப்பது நல்லது. மருந்து வேலை செய்யத் தொடங்கிய நேரத்தில் வாயைச் சுத்தம் செய்யுங்கள், கஞ்சியும் கொடுங்கள். வின்கிரிஸ்டினும் மார்ஃபினும் இரண்டுமே மலச்சிக்கலை உண்டாக்கும். வயிறு எத்தனை நாளாகப் போகவில்லை என்று கேட்க மறக்காதீர்கள்.

வலியால் அழும் பிள்ளையிடம் "நல்ல பிள்ளை அழாது" என்று சொல்லாதீர்கள். எத்தனை பெரிய சிஸ்டர் சொன்னாலும் தவறு தவறுதான்.

11. மெல்ஃபலான் ஏற்றும்போது ஐஸ்.

அதிக அளவு மெல்ஃபலான் போகும் நேரத்தில் வாயில் ஐஸ் துண்டுகளை வைத்திருந்தால் அங்கே ரத்த ஓட்டம் குறையும், மருந்து குறைவாகப் போகும், புண்ணும் குறையும். காய்ச்சிய தண்ணீரில் செய்த ஐஸாக இருக்க வேண்டும். சளி பிடிக்கும் என்று பயப்படும் குடும்பத்துக்கு இந்தக் காரணத்தை விளக்கினால் ஒத்துக்கொள்வார்கள். சமாளிக்கிற வயதுப் பிள்ளைக்கு மட்டும்தான் இது. மெத்தோட்ரெக்ஸேட்டுக்கு இது உதவாது, அது உடம்பில் வெகுநேரம் தங்கும் மருந்து. எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைக்கு வரும் குழந்தைகளுக்குச் சில பெரிய மருத்துவமனைகளில் குறைந்த சக்தி லேசர் ஒளியை வாயில் காட்டுகிறார்கள். அது இருக்கும் இடத்தில் வேலை கிடைத்தால் கற்றுக்கொள்ளுங்கள்.

12. என்ன சாப்பிடலாம் என்பதைவிட எப்படிச் சாப்பிடலாம் என்று சொல்லிக் கொடுங்கள்.

குழைய வேகவைத்த பருப்புச் சாதம், பாலில் ஊறிய இட்லி, ஆறிய ராகிக் கஞ்சி, நன்றாக வெந்த முட்டையை மசித்தது: இவையெல்லாம் இறங்கும். எதையும் சூடாகக் கொடுக்காமல் ஆறவைத்துக் கொடுங்கள். ரசம், எலுமிச்சை, புளி, மிளகு, ஊறுகாய் எரியும். முறுக்கும் சிப்ஸும் கன்னத்தைக் கீறும், கீறிய இடத்தில் புண் பிடிக்கும். மணத்தக்காளிக் கீரை வாய்ப்புண்ணுக்கு நல்லது என்பது நம் வீடுகளில் தலைமுறையாக இருக்கும் நம்பிக்கை. நன்றாகக் கழுவி வேகவைத்துச் சாதத்தோடு பிசைந்து கொடுப்பதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். பச்சை இலையை மெல்லக் கொடுப்பது மட்டும் கூடவே கூடாது. வாயெல்லாம் இரும்பு ருசி, கசப்பு என்று குழந்தை சொன்னால் அது உண்மை, சாக்கு அல்ல. உலோகக் கரண்டிக்குப் பதில் பிளாஸ்டிக் கரண்டி கொடுத்துப் பாருங்கள்.

ஸ்டீராய்டு போகும் வாரங்களில் பசி நேர்மாறாக இருக்கும். குழந்தை நடுராத்திரி எழுந்து சோறு கேட்கும். கொடுக்கத்தான் வேண்டும். கொடுத்தபின் வாயைக் கொப்பளிக்கவைக்க வேண்டும். சர்க்கரை போட்ட பால் பாட்டிலை வாயில் வைத்தபடியே தூங்கவைத்தால், உமிழ்நீர் குறைந்துபோன அந்த வாயில் முன்பற்கள் சில மாதங்களில் கறுத்துப்போகும். அழுகையை அடக்க வேறு வழி இல்லாத தாயிடம் இதைக் கடிந்து சொல்லிப் பயனில்லை. பாட்டிலில் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, சர்க்கரையைக் குறைத்து, ஒரு வாரத்தில் வெறும் தண்ணீருக்குக் கொண்டுவரும் வழியைச் சொல்லிக் கொடுங்கள்.

13. அம்மாவுக்குக் கற்றுக் கொடுக்கும்போது அவர் கையால் செய்ய வைத்துப் பாருங்கள்.

சொன்னால் தலையாட்டுவார். ஊரில் இன்னொரு பிள்ளையை விட்டுவிட்டு வந்திருப்பார். கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்து, மூன்று நாளாகச் சரியாகத் தூங்காமல் இருப்பார். அப்படி இருக்கும்போது நாம் சொல்லும் பத்து விஷயத்தில் ஒன்று மனத்தில் நின்றால் பெரிது. ஒரு நாளைக்கு ஒன்று மட்டும் சொல்லுங்கள். முதல் நாள் டார்ச் அடித்துப் பார்ப்பது. மறுநாள் கொப்பளிக்கும் நீர். அதற்கு மறுநாள் பிரஷ். அவர் செய்வதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். வீட்டில் டார்ச் இருக்காது, செல்போன் வெளிச்சம் போதும் என்று காட்டுங்கள். சிகிச்சை இரண்டரை, மூன்று வருடம் ஓடும் நோயில் பெரும்பகுதி நாட்கள் குழந்தை வீட்டில்தான் இருக்கும். நம்மைவிட அதிக நாள் அந்த வாயைப் பார்க்கப்போகிறவர் அவர். "நேத்து இல்லாத வெள்ளை இன்னைக்கு இருக்கு சிஸ்டர்" என்று ஒரு தாய் போனில் சொன்னால், வேலை மிகுதியில் இருந்தாலும் முழுதாகக் கேளுங்கள். அநேகமாக அவர் சொல்வது சரியாகத்தான் இருக்கும்.

14. சிகிச்சை முடிகிற அன்று பல்லைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள்.

நிரந்தரப் பற்கள் குழந்தை பிறந்த சமயத்திலிருந்தே தாடைக்குள் உருவாகிக்கொண்டிருக்கின்றன. முதல் கடைவாய்ப்பல் பிறக்கும்போதே கெட்டிப்படத் தொடங்கிவிடும். இரண்டாம் கடைவாய்ப்பல் மூன்று வயதை ஒட்டித் தொடங்கும். அந்த வயதுகளில் கீமோவோ, தாடை உள்ள இடத்தில் கதிர்வீச்சோ போயிருந்தால், சில பற்கள் முளைக்காமலே போகலாம். சில சிறுத்து வரும், எனாமல் மெலிந்து வரும், வேர்கள் குட்டையாக நின்றுவிடும். ஐந்தாறு வயதுக்குள் சிகிச்சை எடுத்த பிள்ளைகளுக்கு இந்த வாய்ப்பு அதிகம். நோய் போன நிம்மதியில் இருக்கும் பெற்றோரிடம் இதைச் சொல்ல மனம் வராது. ஆனாலும் சொல்ல வேண்டும், பயமுறுத்தாமல்.

அந்தப் பக்கத்தில் பிறந்த தேதி, சிகிச்சை தொடங்கிய வயதும் முடிந்த வயதும், கொடுத்த மருந்துகளின் பெயர், கதிர்வீச்சு கொடுத்திருந்தால் எந்த இடத்தில் எவ்வளவு என்ற விவரம் எல்லாம் இருக்கட்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல் டாக்டரிடம் போகும்போது அந்தத் தாளையும் எடுத்துப்போகச் சொல்லுங்கள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் பல் வரிசைக்குக் கம்பி போட நினைத்தால், முதலில் முழுத் தாடைக்கும் எக்ஸ்ரே எடுத்து வேரின் நீளத்தைப் பார்க்க வேண்டும். குட்டை வேருள்ள பல்லில் வழக்கமான வேகத்தில் கம்பியை இறுக்கினால் பல் ஆடிப்போகும். இந்த வரியை அந்தத் தாளில் பெரிய எழுத்தில் எழுதுங்கள், அன்றைக்குக் கம்பி போடும் டாக்டருக்கு இந்தப் பிள்ளையின் பழைய கதை தெரிந்திருக்காது.